பாவம் ஓரிடம், பழி ஓரிடம்: பஃபலோ பில்ஸ் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆம்ஹர்ஸ்ட், நியூயார்க்
ஆகஸ்ட் 2025

பஃபலோவிலும் ரோசெஸ்டரிலும், நயாகராவுக்கு அப்பால் மிசிசாகா, ஸ்கார்பரோ, மார்க்கம் ஆகிய ஊர்களிலும் வாழ்ந்துகொண்டு, பில்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து (என்எஃப்எல்) அணியைத் தம் சொந்த அணியாக வரித்துக்கொண்ட தமிழ் நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பிட்ஸ்ஃபோர்டில் உள்ள செயின்ட் ஜான் ஃபிஷர் பல்கலைக்கழகத்தில் நடந்த பயிற்சி முகாம் முடிந்துவிட்டது. செப்டம்பர் 7 ஞாயிறு இரவு ஆர்ச்சர்ட் பார்க்கில் பால்டிமோர் ரேவன்ஸ் அணியுடன் பருவம் தொடங்குகிறது. 1973 முதல் பில்ஸின் வீடாக இருந்துவரும் அரங்கில் இதுவே கடைசிப் பருவம். சாலைக்கு எதிர்ப்புறம் புதிய அரங்கு எழுந்துகொண்டிருக்கிறது, 2026-இல் அணி அங்கே குடிபுகும். இந்தச் சமயத்தில் நம்மிடையே வழக்கமான விவாதம் மீண்டும் சூடு பிடித்திருக்கிறது. இந்த ஆண்டாவது லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலுக்குப் போவோமா, போக முடியாமல் தடுத்தவர் யார், இனித் தடுக்கப்போகிறவர் யார் என்று பிறந்தநாள் விழாக்களிலும் கோயில் வளாகங்களிலும்கூடப் பேசிக்கொள்கிறோம். அந்தப் பேச்சில் நானும் ஒருவன். அதனால் வெளியிலிருந்து அறிவுரை சொல்பவனாக அல்லாமல், அதே தவற்றைப் பல முறை செய்தவனாக இந்த மடலை எழுதுகிறேன்.

நம் பேச்சில் மூன்று கட்சிகள் இருக்கின்றன. பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் நம் குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலன் பெரிய ஆட்டங்களை வெல்லத் தெரியாதவர் என்று ஒரு கட்சி சொல்கிறது. உதைப்பவரோ, பந்தைத் தவறவிட்டவரோ, நடுவரோ கெடுத்தார் என்று இரண்டாம் கட்சி சொல்கிறது. தலைமைப் பயிற்சியாளர் ஷான் மெக்டெர்மட்டை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது மூன்றாம் கட்சியின் வாதம். மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு: அறுபது நிமிட ஆட்டத்தின் தோல்வியை ஒரே ஆளின் தலையில் ஏற்றிவிட்டால் நம் மனம் அமைதி அடைகிறது. என் கருத்து வேறு. பில்ஸ் அணி ஜனவரி மாதத்தில், பிளே-ஆஃப் என்ற வெளியேற்றுச் சுற்றுகளில், தோற்பதற்குக் காரணம், எதிரணியைத் தேவையான நேரத்தில் நிறுத்த முடியாத தடுப்பணி. ஒவ்வோர் ஆண்டும் நாம் ஒருவரைத் தேடிப் பிடித்துப் பழி சொல்வதால், அந்தக் காரணம் நம் கண்ணில் படாமலேயே போய்விடுகிறது.

கடந்த ஜனவரி 26 இரவை நினைத்துப் பாருங்கள். கன்சாஸ் சிட்டியில் அந்த ஊரின் சீஃப்ஸ் அணியுடன், வென்றவர் சூப்பர் பவுலுக்குப் போகும் ஏஎஃப்சி பிரிவு இறுதியாட்டம். நான் ஸ்கார்பரோவில் ஒரு நண்பர் வீட்டு பேஸ்மென்டில் இருந்தேன். ஏறத்தாழ முப்பது பேர், தரையெல்லாம் காலணிகள், மூலையில் கொத்துரொட்டி ஆறிக்கொண்டிருந்தது. 32-29 என்று நாம் மூன்று புள்ளி பின்தங்கியிருந்தோம். ஏறத்தாழ இரண்டு நிமிடம் மிச்சம். நான்காவது முயற்சியில் ஐந்து யார்டு தேவை. எதிரணியினர் கூட்டமாகப் பாய்ந்து வர, பின்னோக்கி ஓடிக்கொண்டே ஆலன் வீசிய பந்து டால்டன் கின்கெய்டின் கைகளைத் தொட்டு நழுவியது. அந்த நொடியே அறை வெடித்தது. ஒருவர் கின்கெய்டைத் திட்டினார். ஒருவர் பந்தை அப்படி வீசியிருக்கவே கூடாது என்றார். நான்காம் பகுதியின் தொடக்கத்தில் ஓர் அங்குலத்துக்காக ஆலன் முட்டிப் பாய்ந்தபோது நடுவர்கள் பந்தின் இடத்தைத் தவறாகக் குறித்தார்கள் என்று இன்னொருவர் கத்தினார். 17-ஆம் எண் சட்டை போட்டிருந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் என் கையைப் பிடித்து, "மாமா, கின்கெய்டாலதானே தோத்தோம்?" என்று கேட்டான். நான் ஆமென்று தலையாட்டினேன்.

ஆனால் ஆட்டம் அப்போது முடிந்திருக்கவில்லை. பந்து கன்சாஸ் சிட்டிக்குப் போனது. மூன்றாவது முயற்சிக்கு அவர்கள் வந்தபோது இன்னும் 9 யார்டு தேவைப்பட்டது. அமெரிக்கக் கால்பந்தில் 10 யார்டு முன்னேற நான்கு முயற்சிகள்தாம் உண்டு என்பதையும், மூன்றாவது முயற்சியில் தடுத்துவிட்டால் பெரும்பாலும் பந்தை உதைத்துக் கொடுத்துவிட வேண்டியிருக்கும் என்பதையும் நீங்கள் அறிவீர்கள். அந்த 9 யார்டை நம் தடுப்பணி தடுத்திருந்தால், நேரம் குறைவாக இருந்தாலும் ஆலனின் கைக்குப் பந்து திரும்பி வந்திருக்கும். அவர்களின் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் சமாஜே பெரைனுக்கு ஒரு பந்தை வீசினார். அவர் 17 யார்டு ஓடினார். ஆட்டம் அங்கேதான் முடிந்தது. அந்த முப்பது பேரில் அதைத் திரையில் பார்த்தவர் ஒருவரும் இல்லை. எல்லோரும் கின்கெய்டைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தோம். மறுநாள் வீட்டில் தனியாக அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பார்த்தபோதுதான், முந்தைய இரவு அந்தச் சிறுவனுக்கு நான் தவறான பதில் சொல்லிவிட்டேன் என்பது புரிந்தது.

இது ஓர் இரவின் கதை மட்டுமா என்று நீங்கள் கேட்கலாம். கணக்கைப் பார்ப்போம். 2021 முதல் 2024 வரை நான்கு வழக்கமான பருவங்களிலும் கன்சாஸ் சிட்டியை நாம் வென்றிருக்கிறோம்: 38-20, 24-20, 20-17, 30-21. அந்த நான்கு ஆட்டங்களிலும் நாம் விட்டுக்கொடுத்தவை மொத்தம் 78 புள்ளிகள், அதாவது ஆட்டத்துக்கு 20-க்கும் குறைவு. அதே அணியிடம், அதே மஹோம்ஸிடம், பிளே-ஆஃப் ஆட்டங்களில் நான்கு முறையும் தோற்றிருக்கிறோம்: 38-24, 42-36, 27-24, 32-29. இந்த நான்கில் விட்டுக்கொடுத்தவை 139 புள்ளிகள். ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட 35. நாம் எடுத்த புள்ளிகளோ சராசரியாக 28-க்கும் சற்று அதிகம். வழக்கமான பருவ வெற்றிகளிலும் அதே 28 தான்! நான்கு வெற்றிகளிலும் சேர்த்து 112, நான்கு தோல்விகளிலும் சேர்த்து 113. ஆலனின் தாக்குதல் அணி அக்டோபரிலும் ஜனவரியிலும் ஒரே அளவில் புள்ளி எடுக்கிறது. தடுப்பணிதான் ஜனவரியில் ஆட்டத்துக்கு 15 புள்ளி கூடுதலாகக் கொடுக்கிறது. இந்தக் கணக்கை முதன்முதலில் ஒரு தாளில் எழுதிக் கூட்டியபோது, தவறாகக் கூட்டிவிட்டேனோ என்று இன்னொரு முறை கூட்டிப் பார்த்தேன்.

2022 ஜனவரி 23-ஆம் தேதி கன்சாஸ் சிட்டியுடன் நடந்த "பதின்மூன்று விநாடி" ஆட்டத்தை உங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. ஆனாலும் அதை இந்தக் கோணத்தில் பாருங்கள். நம் கேப் டேவிஸ் அன்று எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்க்கும் டச்டவுன்கள் நான்கைப் பிடித்தார். நான்காவதைப் பிடித்தபோது 36-33 என்று நாம் முன்னிலையில் இருந்தோம். மிச்சம் இருந்தது 13 விநாடி. அதற்குமேல் ஒரு குவார்ட்டர்பேக் என்ன செய்ய முடியும்? பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் உதைத்ததால் ஒரு விநாடிகூடக் கரையவில்லை. பிறகு டைரீக் ஹில்லுக்கு 19 யார்டு, டிராவிஸ் கெல்சிக்கு 25 யார்டு என்று இரண்டே வீச்சுகளில் வழி விட்டோம். ஹாரிசன் பட்கர் 49 யார்டு தொலைவிலிருந்து உதைத்துச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் நாணயச் சுண்டலில் தோற்றோம், ஆலன் பந்தைத் தொடவே இல்லை. அந்த ஆட்டத்துக்குப் பிறகு 2022-இல் பிளே-ஆஃப் ஆட்டங்களுக்கான விதியை மாற்றி, கூடுதல் நேரத்தில் இரு அணிகளுக்கும் பந்து கிடைக்க வழி செய்தார்கள். நாணயத்தின் மீது நாம் கொண்ட கோபம் நியாயமானதுதான். ஆனால் நாணயம் சுண்டப்படும் நிலைக்கு ஆட்டத்தைக் கொண்டுபோனவை அந்த இரண்டு வீச்சுகள். அவற்றைப் பற்றி நாம் பேசியதைவிட நாணயத்தைப் பற்றிப் பேசியதே அதிகம்.

நம்மில் பலர் இந்த நாட்டுக்கு வருவதற்கு முன்பே இந்த வழக்கம் தொடங்கிவிட்டது. 1991 ஜனவரி 27, டாம்பாவில் சூப்பர் பவுல். நம் உதைப்பவர் ஸ்காட் நார்வுட் 47 யார்டு தொலைவிலிருந்து உதைத்த பந்து வலப்புறம் விலகிப் போனது. நியூயார்க் ஜயன்ட்ஸிடம் 20-19 என்று தோற்றோம். "வலப்புறம் விலகியது" என்ற இரு சொற்கள் அந்த மனிதரின் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. ஆனால் அன்றைய 60 நிமிடங்களில் 40 நிமிடத்துக்கும் மேலாகப் பந்து ஜயன்ட்ஸின் கையில் இருந்தது என்பதை எத்தனை பேர் சொல்கிறார்கள்? மூன்றாம் பகுதியின் தொடக்கத்தில் அவர்கள் ஒன்பதரை நிமிடம் விடாமல் பந்தை நகர்த்திக்கொண்டே வந்து டச்டவுன் எடுத்தார்கள். அதன் நடுவே மூன்றாவது முயற்சியில் 13 யார்டு தேவைப்பட்ட ஒரு கட்டம் வந்தது. அவர்களின் மார்க் இங்ரம் குறுகிய தொலைவில் பந்தைப் பிடித்து, நம் ஆட்டக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பிடிக்க முயன்றும் நழுவி, அந்த 13 யார்டையும் கடந்துவிட்டார். நம் தாக்குதல் அணியின் ஜிம் கெல்லியும் தர்மன் தாமஸும் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று மார்க் இங்ரம், முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து பெரைன். இரண்டு முறையும் மூன்றாவது முயற்சி.

பஃபலோ மக்கள் நார்வுட்டை வெறுத்தார்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். தோற்ற மறுநாள் நயாகரா சதுக்கத்தில் கூடிய பெருங்கூட்டம் "எங்களுக்கு ஸ்காட் வேண்டும்" என்று முழக்கமிட்டது. அவர் முன்னே வந்து கண் கலங்கப் பேசினார். இந்த ஊரை நான் நேசிக்கத் தொடங்கியது அந்தப் பழைய ஒளிப்பதிவைப் பார்த்த நாளிலிருந்துதான். பில்ஸ் ரசிகர் என்று சொல்லிக்கொள்வதற்கு ஒரு மரபு உண்டென்றால் அது அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 17 பருவங்கள் பிளே-ஆஃப் காணாமல் கிடந்த அணிக்கு, 2017-இன் கடைசி நாளில் சின்சினாட்டியின் ஆண்டி டால்டன் வீசிய ஒரு பந்து வழி திறந்துவிட்டபோது, அவருடைய அறக்கட்டளைக்குப் பதினேழு பதினேழு டாலராக அனுப்பிக் குவித்தவர்களும் இதே மக்கள்தான்.

ஆனால் அந்த மரபை நாமே மீறுகிறோம். 2024 ஜனவரியில் அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்களை அரங்கில் இருந்து பார்த்தேன். பனிப்புயலால் ஞாயிறிலிருந்து திங்களுக்குத் தள்ளிவைக்கப்பட்ட ஸ்டீலர்ஸ் ஆட்டத்துக்கு நாங்கள் போனபோது இருக்கைகள் கண்ணுக்கே தெரியவில்லை. கையுறையோடு தோண்டித் தோண்டி, இடுப்பளவு பனியில் ஒரு பொந்து செய்து அதில் உட்கார்ந்தோம். எனக்கு முன் வரிசையில் இருந்த பெரியவர் தம் காலடிப் பனியை மிதித்துக் கெட்டியாக்கி, முன்பின் அறியாத என் மகளுக்கு ஒரு படி அமைத்துக் கொடுத்தார். 31-17 என்று வென்றோம். அடுத்த ஞாயிறு கன்சாஸ் சிட்டி வந்தது. 27-24 என்று பின்தங்கியிருந்தபோது, இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில், 44 யார்டு தொலைவிலிருந்து நம் உதைப்பவர் டைலர் பாஸ் உதைத்த பந்தும் வலப்புறம் விலகிப் போனது. சில நொடி ஒரு சத்தமும் இல்லை. பிறகு எங்கள் பகுதியிலிருந்தே அவர் பெயரைச் சொல்லி வசைகள் எழுந்தன. அவற்றுள் ஒன்று தமிழில் இருந்தது. அந்தக் குரல் யாருடையது என்று எனக்குத் தெரியும், அவரும் இதைப் படிப்பார், நாங்கள் இன்றும் நண்பர்கள்தான்.

அன்று அந்தத் தடுப்பணியின் நிலை என்ன? மேட் மிலானோ அக்டோபரிலேயே காயமடைந்து போய்விட்டார். ட்ரெடேவியஸ் ஒயிட்டும் அப்படியே. டெரல் பெர்னார்ட் முந்தைய வாரம்தான் கணுக்கால் காயத்தோடு வெளியேறினார். மாற்று ஆட்டக்காரரான ஏ. ஜே. கிளைன் நடுவில் நின்று கெல்சியையும் ஐசையா பச்சேக்கோவையும் சமாளிக்க வேண்டியிருந்தது. அந்த உதை உள்ளே போயிருந்தாலும் ஆட்டம் சமன்தான் ஆகியிருக்கும். மஹோம்ஸின் கையில் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் மிச்சம் இருந்திருக்கும். பதின்மூன்று விநாடியே போதுமானதாக இருந்த ஆளுக்கு அது எவ்வளவு பெரிய நேரம்! ஆனாலும் பாஸ் தம் சமூக ஊடகக் கணக்கை மூட வேண்டிய அளவுக்கு வசைமாரி பொழிந்தது. பிறகு நல்ல மனம் படைத்த ரசிகர்கள், அவர் ஆதரித்துவந்த பூனைக் காப்பகம் ஒன்றுக்கு 22 டாலர், 22 டாலராக அனுப்பத் தொடங்கினார்கள். ஒரு லட்சம் டாலருக்கும் மேல் சேர்ந்தது. என் மகள் தன் உண்டியலிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அந்த 22 டாலரை அனுப்பியவர்களிலும் தமிழர்கள் உண்டு என்பதை நான் அறிவேன்.

கடந்த ஜனவரி இறுதியாட்டத்தில் பழி சுமக்கும் அந்த இடத்துக்கு இன்னோர் இளைஞர் வந்தார். கிறிஸ்டியன் பென்ஃபர்ட் தலையில் அடிபட்டு முதல் பகுதியிலேயே வெளியேற, கையர் ஈலம் உள்ளே வந்தார். மஹோம்ஸ் அவரைத் தேடித் தேடி வீசினார். 2022-இல் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் வரைவின் முதல் சுற்றில் எடுத்த ஆளை மூன்று ஆண்டுகளில் ஆளாக்க முடியாமல் போனது அணியின் தவறா, அவருடைய தவறா என்று நாம் கேட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக நாம் அவரைத் துரத்தினோம். மார்ச் மாதத்தில் அவர் டாலஸுக்குப் போய்விட்டார். தடுப்பணியின் மற்றப் பத்துப் பேரைப் பற்றி அந்த வாரம் ஒரு வார்த்தையும் நம் வாயிலிருந்து வரவில்லை. முன்வரிசை நால்வர் மஹோம்ஸுக்கு அவ்வளவு நேரம் கொடுத்தால், பந்தைப் பிடிக்க ஓடுபவர்களைத் தடுக்கும் எந்த கார்னர்பேக்தான் எவ்வளவு நேரம் ஒருவர் பின்னால் ஓடிக்கொண்டிருக்க முடியும்? இந்த இடத்தில்தான் என் வாதத்தின் உயிர் இருக்கிறது. மெக்டெர்மட்டின் முறை, ஆட்களைக் கூடுதலாக அனுப்பி குவார்ட்டர்பேக்கை நெருக்குவதைவிட, நால்வரால் நெருக்கிவிட்டு மற்ற எழுவரைப் பின்னால் நிறுத்துவதையே பெரிதும் நம்புகிறது. நால்வரால் நெருக்க முடிந்தால் அது அருமையான முறை. முடியாவிட்டால், பின்னால் நிற்கும் எழுவரின் இடைவெளிகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கும். அவற்றைக் கண்டுபிடிப்பதில் மஹோம்ஸுக்கு நிகர் இல்லை.

ஆலனைக் குறை சொல்லும் நண்பர்களுக்குத் தனியாகச் சில வார்த்தைகள். 2024-இல் அவர் 28 டச்டவுன்களை வீசினார், 12 டச்டவுன்களைத் தாமே ஓடி எடுத்தார், 6 பந்துகளை மட்டுமே எதிரணியிடம் பறிகொடுத்தார். லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குக் கிடைத்தது. 17 ஆட்டங்களில் நம் அணி மொத்தமாகப் பந்தை இழந்தது 8 முறை. பந்தை வீசும் முன்பே எதிரணியினர் ஆலனை வீழ்த்தியது 14 முறை. டிசம்பர் 8-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸில் மூன்று டச்டவுன் வீசி, மூன்று டச்டவுன் ஓடி, 42 புள்ளி எடுத்துக் கொடுத்தார். நாம் 44 விட்டுக்கொடுத்துத் தோற்றோம். இந்த மார்ச் மாதத்தில் அணி அவரோடு ஆறு ஆண்டுகளுக்கு 33 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தபோது, இவ்வளவு வாங்குபவர் எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். அவர் தடுப்பணியிலும் ஆட முடியாது. பெரிய ஆட்டங்களில் தடுமாறுகிறார் என்பதும் உண்மை இல்லை. ஆலன் உண்மையிலேயே தடுமாறிய ஒரு பிளே-ஆஃப் தோல்வி, 2023 ஜனவரியில் நம் சொந்தப் பனியில் சின்சினாட்டியிடம் 27-10 என்று விழுந்தது மட்டுமே. நம் டமார் ஹாம்லின் களத்தில் இதயம் நின்று விழுந்து மூன்று வாரம்கூட ஆகாத நேரம் அது. அந்த அணி அன்று உடலாலும் மனத்தாலும் களைத்துப்போயிருந்தது, அதை நான் அவர்கள் மீது குற்றமாகச் சொல்ல மாட்டேன்.

ஜேம்ஸ் குக் விஷயத்திலும் இந்த மாதம் நாம் அதே வேலையைச் செய்தோம். கடந்த பருவத்தில் ஓடியே 16 டச்டவுன் எடுத்து, 1975-இல் ஓ. ஜே. சிம்சன் வைத்த அணிச் சாதனையைச் சமன் செய்தவர், தம் உழைப்புக்கு ஏற்ற சம்பளம் கேட்டுப் பயிற்சியில் ஒதுங்கி நின்றார். பேராசைக்காரர், அணியை உடைக்கிறார் என்றெல்லாம் பேசினோம். நான்காண்டு ஒப்பந்தம் கையெழுத்தானதும் எல்லோரும் வாழ்த்துகிறோம். ஓட்டக்காரர்களின் ஆட்டவாழ்வு எவ்வளவு குறுகியது என்பது நமக்குத் தெரியாததா?

இனி இந்த ஆண்டைப் பற்றி. மேலாளர் பிராண்டன் பீன் இந்த முறை நோயைச் சரியாகக் கண்டுகொண்டிருக்கிறார் என்றே நினைக்கிறேன். வரைவின் முதல் சுற்றில் கென்டக்கியின் மேக்ஸ்வெல் ஹேர்ஸ்டன் என்ற கார்னர்பேக், இரண்டாம் சுற்றில் டி. ஜே. சாண்டர்ஸ், மூன்றாம் சுற்றில் லாண்டன் ஜாக்சன், நான்காம் சுற்றில் மலைபோன்ற டியோன் வாக்கர் என்று வரிசையாகத் தடுப்பணிக்கே ஆள் எடுத்தார். வான் மில்லரை விடுவித்து, ஜோயி போசாவை ஓராண்டுக்கு அழைத்துவந்தார். கிரெக் ரூசோவுக்கும் பென்ஃபர்டுக்கும் பெர்னார்டுக்கும் நீண்ட ஒப்பந்தங்கள் கிடைத்துவிட்டன. ஒயிட் திரும்பி வந்திருக்கிறார் என்பதில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி ஆட்டக்கணக்குக்கு அப்பாற்பட்டது. ஆனால் கவலைகளும் உண்டு. ஹேர்ஸ்டன் முகாமிலேயே முழங்காலில் அடிபட்டுவிட்டார். போசாவின் உடம்பு அவரைப் பல பருவங்களில் கைவிட்டிருக்கிறது. புதிதாக வந்த லாரி ஒகுன்ஜோபியும் மைக்கேல் ஹெக்டும் தடை காரணமாக முதல் ஆறு ஆட்டங்களில் ஆட முடியாது. ஆகவே செப்டம்பர், அக்டோபரில் இந்தத் தடுப்பணி முழு வடிவத்தில் இருக்காது. அப்போதே நாம் யாரையாவது பலிகொடுக்கத் தேடினால், ஜனவரிக்கு முன் எத்தனை இளைஞர்களைத் துரத்தியிருப்போம் என்று யோசிக்க வேண்டும்.

அக்டோபர் ஆட்டங்கள் முக்கியமில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். லீக்கின் இரு பெரும் பிரிவுகள் ஒவ்வொன்றிலும் ஏழு அணிகள் பிளே-ஆஃப் போகின்றன. முதலிடம் பிடித்த அணிக்கு மட்டுமே முதல் வாரம் ஓய்வு, சூப்பர் பவுல்வரை சொந்த அரங்கு. ஆலன் வந்த பிறகு அந்த முதலிடம் நமக்கு ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. சென்ற ஆண்டு 13-4 என்று இரண்டாமிடம். அக்டோபர் 6-ஆம் தேதி ஹூஸ்டனில் 20-20 என்று சமனாக இருந்தபோது, அரை நிமிடம் மிச்சம் இருக்க, நம் மூன்று யார்டு கோட்டிலிருந்து மூன்று முறை பந்தை வீசி, மூன்றும் தவறி, கடிகாரம் ஓடாமல் நின்று, பந்தை அவர்களிடம் கொடுத்தோம். கைமி ஃபேர்பேர்ன் 59 யார்டு உதைத்து வென்றார். அந்த ஆட்டத்தையும் டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் ஆட்டத்தையும் வென்றிருந்தால், கடைசி வாரத்துக்குள் நுழையும்போது நாமும் கன்சாஸ் சிட்டியும் 15-1 என்று சமமாக இருந்திருப்போம். நேருக்கு நேர் அவர்களை வென்றிருந்ததால் மேலிடம் நமதாக இருந்திருக்கும். ஏஎஃப்சி இறுதியாட்டத்தை எழுபதாயிரம் பேர் நமக்காகக் கத்தும் ஆர்ச்சர்ட் பார்க்கில் ஆடியிருக்கலாம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்று ஜனவரியில் புலம்புகிறோம். தாழியில் கீறல் விழுந்தது அக்டோபரில். பயிற்சியாளர்களைக் கேள்வி கேட்க வேண்டுமென்றால் ஹூஸ்டன் ஆட்டத்தின் அந்த அரை நிமிடத்தைப் பற்றிக் கேளுங்கள், நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன். புதிய அரங்குக்கு நியூயார்க் மாநிலம் 60 கோடி டாலரும் ஈரி மாவட்டம் 25 கோடி டாலரும் பொதுப் பணத்திலிருந்து கொடுக்கின்றன. இங்கே வரி கட்டும் எவருக்கும் அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை உண்டு.

என் கணிப்பு என்ன என்று கேட்பீர்கள். பிளே-ஆஃப் நிச்சயம். அதற்கு மேல் போவது போசா, ரூசோ, எட் ஆலிவர் ஆகியோர் ஜனவரியில் நல்ல உடலோடு களத்தில் நிற்பதைப் பொறுத்தது. அவர்கள் நின்றால், மஹோம்ஸோ பால்டிமோரின் லாமர் ஜாக்சனோ யார் வந்தாலும் நாம் வெல்ல முடியும் என்று முழு மனதோடு நம்புகிறேன். அவர்கள் நிற்காவிட்டால், ஆலன் 36 புள்ளி எடுத்தாலும் போதாமல் போகலாம்; அப்படி ஓர் இரவை ஏற்கெனவே கண்டிருக்கிறோம்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். இந்தப் பருவத்தில் ஆட்டத்தைப் பார்க்கும்போது, பந்து நம் கையில் இல்லாத நேரத்தில் சமையலறைப் பக்கம் எழுந்து போகாதீர்கள். எதிரணியின் மூன்றாவது முயற்சி ஒவ்வொன்றையும் பாருங்கள். முன்வரிசை நால்வர் எத்தனை முறை உள்ளே நுழைகிறார்கள், எத்தனை முறை நுழைய முடியாமல் நிற்கிறார்கள் என்று கவனியுங்கள். தோற்றால் அதைப் பற்றிப் பேசுவோம், கோபத்தோடே பேசுவோம். ஆனால் எந்த ஆட்டக்காரரின் கணக்குக்கும் போய் வசை எழுதாதீர்கள். பக்கத்தில் குழந்தைகள் இருக்கும்போது ஒருவரின் பெயரைச் சொல்லி அவரால்தான் தோற்றோம் என்று முடித்துவிடாதீர்கள்.

செப்டம்பர் 7 அன்று ஆட்டம் தொடங்குவது இரவு 8:20-க்கு. நாங்கள் மாலை மூன்று மணிக்கே அரங்குக்கு அருகில் வழக்கமான புல்வெளி வாகன நிறுத்தத்தில் இருப்போம். எல்லையைக் கடந்து வருபவர்கள் பீஸ் பாலத்தில் ஞாயிறு நெரிசலை மனத்தில் வைத்துக் கிளம்புங்கள். ஸ்கார்பரோ நண்பர் தம் மகனையும் அழைத்துவருகிறார். கடந்த ஜனவரியில் நான் தவறான பதில் சொன்ன அதே சிறுவன். அவனுக்காகக் கோடு போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் மூன்று கட்டங்கள் போட்டாகிவிட்டது: பால்டிமோரின் மூன்றாவது முயற்சிகள் எத்தனை, தேவைப்பட்ட யார்டு எத்தனை, நாம் தடுத்தவை எத்தனை. அவன் எண்ணி எழுதுவான். ஆட்டம் முடிந்ததும், வென்றாலும் தோற்றாலும், அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு வாகன நிறுத்தத்தில் நின்று பேசுவோம், வாருங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்